சிவில் படித்துவிட்டு நகரத் திட்டமிடலில் முதுநிலை: ஸ்டூடியோவில் என்ன செய்யச் சொல்வார்கள்?

வடிகால்கோடு:

வணக்கம். சிவில் இன்ஜினியரிங் முடித்து சில வருடங்களாகச் சாலை, மழைநீர் வடிகால் வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேசைக்கு ஒரு வேலை வரும்போதே பெரிய முடிவுகள் எல்லாம் முடிந்திருக்கும். சாலை எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் விரியும், யார் வீட்டுச் சுவர் போகும், மழைநீர் எந்தப் பக்கம் திருப்பப்படும், எல்லாமே யாரோ முன்பே தீர்மானித்தது. சாய்வும் குழாயின் விட்டமும்தான் எங்களுக்கு மிச்சம். அந்த முடிவுகள் எடுக்கும் இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது. அதனால்தான் நகரத் திட்டமிடலில் முதுநிலை படிக்கலாம் என்று பார்க்கிறேன்.

பாடத்திட்டங்களை எடுத்துப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. எங்கே பார்த்தாலும் ஸ்டூடியோ என்று ஒன்று இருக்கிறது, கிரெடிட்டும் அதற்குத்தான் அதிகம், ஆனால் அங்கே என்ன செய்யச் சொல்வார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. ஆட்டோகேடில் கோடு போடுவேன், அழகாக வரையத் தெரியாது. அது இல்லாமல் சமாளிக்க முடியுமா? பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயரும் மாறுகிறது. திட்டமிடல், நகர வடிவமைப்பு, போக்குவரத்துத் திட்டமிடல் என்று தனித்தனியாக இருக்கின்றன, எதை எடுத்தால் எங்கே போய் நிற்பேன் என்று தெரியவில்லை. ஜிஐஎஸ் (தகவல்களை வரைபடத்தில் ஏற்றி ஆராயும் மென்பொருள்), பைத்தான் நிரல்மொழி எல்லாம் சேருவதற்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டுமா? இன்னொன்று, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் கட்டுரை என்று ஒன்றும் எழுதியதில்லை. இதில் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும் என்கிறார்களே.

படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

—

தெருமுனை:

ஸ்டூடியோவைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும். இதே படிப்பை முடித்து இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், மாணவர்களின் வேலையைக் கேள்வி கேட்டு மதிப்பிடும் குழுவான ஜூரிக்கும் அவ்வப்போது போய் உட்காருவது உண்டு.

ஸ்டூடியோ என்றதும் படம் வரையும் அறை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு நிஜமான பகுதியைக் குழுவாகச் சேர்ந்து படிக்கக் கொடுப்பார்கள். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள இடமாக இருக்கலாம், ஊர் விளிம்பில் மனைகளாக மாறிக்கொண்டிருக்கும் நிலமாகவும் இருக்கலாம். பாதி செமஸ்டர், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். கையில் கிடைக்கும் வரைபடம் பழையதாக இருக்கும். ஆவணத்தில் குடியிருப்பு என்று போட்ட இடத்தில் பட்டறை ஓடும், காலி நிலம் என்று போட்ட இடத்தில் ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருப்பார்கள். கட்டடம் கட்டடமாக நிலப் பயன்பாட்டைக் குறிக்க வேண்டும், வண்டிகளை மட்டும் இல்லாமல் நடப்பவர்களையும் எண்ண வேண்டும், குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரிடமும் வீட்டுக்காரரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், ஒரே தெருவைப் பற்றி இரண்டு பேரும் வேறு வேறு குறை சொல்வார்கள். இந்த வேலையில் வரையத் தெரிந்தவரைவிடப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

அடுத்த பாதிதான் கஷ்டம். கண்டுபிடித்ததை வைத்து இரண்டு மூன்று மாற்று வழிகளை உருவாக்கி, எது எதற்காகச் சிறந்தது என்று காரணம் சொல்லி, ஜூரி முன்னால் நிற்க வேண்டும். அங்கே படத்தின் அழகைப் பார்த்து யாரும் விட்டுவிட மாட்டார்கள். நிலம் யாருடையது, பணம் எங்கிருந்து வரும், கட்டி முடித்த பிறகு யார் பராமரிப்பார்கள், இன்று அங்கே பிழைப்பவர்கள் நாளை எங்கே போவார்கள், இதுதான் கேள்வி. சியோலில் சோங்கெசோன் ஓடைக்கு மேலே இருந்த உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி 2005இல் ஓடையைத் திறந்தார்கள் இல்லையா, மாணவர்கள் அடிக்கடி கொண்டுவரும் உதாரணம் அது. நல்ல உதாரணம்தான், நகரத்தின் நடுவில் கார்களுக்குக் கொடுத்திருந்த இடத்தை ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஓடையில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுவது, அந்தப் பக்கம் தெருவில் வியாபாரம் செய்தவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லி, அதற்குப் பிறகும் அந்தத் திட்டம் சரியா தவறா என்று வாதாடத் தெரிந்தால் நீங்கள் ஸ்டூடியோவில் தேறிவிடுவீர்கள்.

சிவிலிலிருந்து வருபவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். இருபது வருடம் கழித்து இவ்வளவு வாகனங்கள் வரும் என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் அதற்கு ஏற்ற சாலையைப் போட நமக்குத் தெரியும். இந்தப் படிப்பில் அந்த எண்ணையே கேள்வி கேட்கச் சொல்வார்கள். டுரான்டன், டர்னர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கப் பெருநகரங்களை வைத்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நகரங்களில் இன்டர்ஸ்டேட் எனப்படும் மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைகளின் நீளம் (எல்லாத் தடங்களையும் சேர்த்து) எவ்வளவு கூடியதோ கிட்டத்தட்ட அதே விகிதத்தில் வாகனங்கள் ஓடும் தூரமும் கூடியது என்று காட்டினார்கள். சாலை போட்டால் நெரிசல் தீரும் என்ற கணக்கு அங்கேயே ஆட்டம் காண்கிறது. எதிர்ப்பக்கம் ஸ்டாக்ஹோமைப் பாருங்கள். 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை நகர மையத்துக்குள் நுழையும், வெளியேறும் கார்களுக்குக் கட்டணம் வைத்துச் சோதித்தார்கள், அந்த எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் 20 சதவீதம் குறைந்தன. தொடங்கும்போது ஜனங்களிடம் எதிர்ப்பு பலமாக இருந்தது. சோதனையைக் கண்ணால் பார்த்த பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள், 2007இல் கட்டணம் நிரந்தரமானது. முதலில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதை எந்த வரிசையில் செய்வது என்பதும் திட்டமிடல்தான், அதை எந்தக் கையேடும் சொல்லித்தராது.

—

இரண்டாம்_வருடம்:

நான் சமூகவியல் படித்துவிட்டு இதற்கு வந்தேன், இப்போது இரண்டாம் வருடம். பின்னணி பற்றிய பயத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். வயல்வெளி சூழ்ந்த அளவான புதிய ஊர்களைக் கட்டும் தோட்ட நகரம் என்ற யோசனையை 1898இல் முன்வைத்த எபனேசர் ஹோவார்ட், பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் வேலை பார்த்தவர். 1903இல் இங்கிலாந்தில் லெட்ச்வொர்த் என்ற ஊர் அந்த யோசனையின்படி எழத் தொடங்கியது. முதலில் கள ஆய்வு, அப்புறம்தான் திட்டம் என்று வலியுறுத்திய பேட்ரிக் கெடஸ் உயிரியல்காரர். உங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் ஒருவர் இருக்கிறார். பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு 1859இல் திட்டம் போட்ட இல்டிஃபோன்ஸ் செர்டா சிவில் இன்ஜினியர். அந்தச் சதுரம் சதுரமான கட்டங்களின் படம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் அதோடு தொழிலாளர் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, வாடகைக்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு நெரிசலில் இருக்கிறார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்திருக்கிறார். கோடு போடுவதும் கேட்டு எழுதுவதும் ஒரே ஆளிடம் இருந்தன. அவரைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் படிப்பின் மேலே உண்மையான பிடிப்பு வந்தது.

ஜிஐஎஸ் விஷயம். கியூஜிஐஎஸ் இலவசம், சேருவதற்கு முன்னால் அதில் கொஞ்சம் விளையாடிப் பாருங்கள், அவ்வளவு போதும். பைத்தான் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குடி முழுகிப் போகாது. புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே தகவலை வார்டு வாரியாகப் போட்டால் ஒரு வரைபடம் வரும், அதையே வேறு எல்லைகளில் போட்டால் ஏழ்மை இடம் மாறியது போலத் தெரியும். சாஃப்ட்வேர் எச்சரிக்காது, அழகாக நிறம் அடித்துக் கொடுத்துவிடும். எல்லையை யார் எதற்காகப் போட்டார்கள் என்று கேட்பது உங்கள் பொறுப்பு.

1854இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ போட்ட வரைபடத்தைக் காட்டாத வகுப்பே கிடையாது. சாவுகள் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன, சரி. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வரைபடத்துக்கு ஒத்துவராத ஆட்கள். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலையின் தொழிலாளர்களுக்கு நோய் வரவில்லை, அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார், அவருக்குப் பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று தினமும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்காமல் இது தெரிந்திருக்காது.

எழுதுவதைப் பற்றி: ஆமாம், நிறைய எழுத வேண்டும், வாசிப்பதும் அதிகம். ஆனால் அலங்காரமாக எழுதச் சொல்லவில்லை. நீங்கள் வடிகாலுக்கு எழுதும் வடிவமைப்பு அறிக்கையில் அனுமானம், தரவு, கணக்கு, முடிவு என்று போவீர்கள் இல்லையா, இங்கேயும் அதே நேர்மைதான் வேண்டும், கூடவே உங்களை மறுப்பவர் என்ன சொல்வார் என்பதையும் எழுத வேண்டும். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழ்ப்படிகளில் பங்கேற்பு என்ற பெயரில் ஜனங்களைச் சமாளித்து அனுப்புவது, நடுவில் கருத்து மட்டும் கேட்பது, மேலே உண்மையிலேயே அதிகாரம் கைமாறுவது. ஒரு கூட்டத்தின் அறிக்கையை எடுத்து அது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள், உங்கள் முதல் கட்டுரை தானாக வந்துவிடும்.

—

மனை_எண்:

மேலே சொன்னவர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் இரண்டு பேருமே மாணவர்கள் தூங்கி வழியும் இரண்டு பாடங்களைத் தொடவில்லை. சட்டம், நிதி. என் அனுபவத்தில் ஒரு திட்டம் காகிதத்திலேயே நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரூயிட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, 1950களில் ஏழைகளுக்காகக் கட்டினார்கள். 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக்கலை தோற்றதற்கு அடையாளம் என்று அந்தப் படத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கட்டுவதற்கு மத்திய அரசின் பணம் இருந்தது, பராமரிப்புக்குக் குடியிருப்பவர்களின் வாடகையை நம்பினார்கள். அதே காலத்தில் நகரமே காலியாகிக்கொண்டிருந்தது, 1950இல் 8.5 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1970இல் 6.2 லட்சத்துக்கு வந்துவிட்டது. வசதி கொஞ்சம் இருந்தவர்கள் வெளியேற, வாடகை வருமானம் குறைய, லிஃப்டும் குழாய்களும் பழுதாகிக் கிடக்க, இன்னும் பலர் வெளியேறினார்கள். வரைபடத்தில் என்ன மாற்றியிருந்தாலும் அந்த வரவுசெலவுக் கணக்கு நின்றிருக்காது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் எரிந்த பகுதிகளை மீண்டும் அமைக்க நில மறுசீரமைப்பு முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு உரிமையாளரும் தன் மனையில் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டுக்கொடுப்பார், மீதி நிலம் ஒழுங்கான வடிவில் அவருக்கே திரும்பி வரும். பரப்பு குறையும், சாலை வந்ததால் மதிப்பு கூடும். எல்லா நிலத்தையும் விலை கொடுத்து வாங்க அரசிடம் பணம் இல்லாத இடத்திலும் ஒரு சாலை வலைப்பின்னலை உருவாக்க இது வழி. ஆனால் நிலமே இல்லாத வாடகைதாரருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி உடனே வரும், வர வேண்டும்.

சட்டத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒருவரின் சொந்த நிலத்தில் இதைக் கட்டலாம், இதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் நகராட்சிக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் யூக்ளிட் என்ற சிற்றூருக்கும் ஒரு நில நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1926இல் மண்டலமுறை, அதாவது ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து எங்கே எதைக் கட்டலாம் என்று விதிக்கும் முறை, செல்லும் என்றது, அதன் பிறகுதான் அங்கே அது நாடு முழுக்க உறுதியாக வேரூன்றியது. அதே மண்டலமுறையைத்தான் வசதி குறைந்தவர்கள் பக்கத்தில் குடிவராமல் தடுக்கவும் பல ஊர்களில் பயன்படுத்தினார்கள், மனையின் குறைந்தபட்சப் பரப்பைக் கூட்டி வைத்தாலே போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வடிகால்கோடு, நீங்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க ஆசைப்படுகிறீர்கள். அந்த இடத்தில் பேசப்படும் மொழி சட்டமும் பணமும். விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது மூன்றாவது மென்பொருள் பாடத்தை விட்டுவிட்டு நகராட்சி நிதியை எடுங்கள்.

—

வடிகால்கோடு:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிதி பற்றிச் சொன்னது மனதில் அப்படியே தங்கிவிட்டது, நான் போட்டுக் கொடுத்த வடிகால்களைத் தூர்வார யார் பணம் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. திட்டமிடலா, நகர வடிவமைப்பா, போக்குவரத்தா? அப்புறம், ஆய்வேட்டுக்கு வெள்ளம், வடிகால் என்றே எடுத்தால் பழைய வேலையையே திரும்பச் செய்தது போல ஆகிவிடுமா?

—

தெருமுனை:

முதல் கேள்விக்கு. நகர வடிவமைப்பு என்பது கட்டடங்களுக்கு இடையில் இருக்கும் இடத்தின் வடிவம், தெருவின் அகலம், உயரம், நிழல், நடைபாதை. ஆர்க்கிடெக்டுகள் அதிகம் போவது அங்கேதான், வரையும் கை அங்கே கட்டாயம் வேண்டும். போக்குவரத்துத் திட்டமிடலில் மாதிரிகளும் கணக்கும் கூடுதல், உங்களுக்குச் சுலபமாக வரும், ஆனால் நிலம், வீடு, வருமானம் பற்றிய பார்வை குறுகிவிட வாய்ப்பு உண்டு. நீங்கள் முதலில் எழுதியதை வைத்துப் பார்த்தால் பொதுவான திட்டமிடல் படிப்பில் சேர்ந்து, அதற்குள் நீர், உள்கட்டமைப்பு பக்கம் விருப்பப் பாடங்களை எடுப்பதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சேரும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்களோ அந்த நாட்டின் தொழில் அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா? பிரிட்டனில் ஆர்டிபிஐ, இந்தியாவில் ஐடிபிஐ, அமெரிக்காவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் பிஏபி என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று இருக்கிறது. பெயரில் திட்டமிடல் என்று இருப்பதாலேயே அங்கீகாரம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கால அளவும் மாறும், பிரிட்டனில் ஒரு வருடத்தில் முடிவது மற்ற பல நாடுகளில் இரண்டு வருடம். ஒரு வருடப் படிப்பில் கள வேலைக்கான நேரம் ரொம்பவே சுருங்கிவிடும், உங்களைப் போல வேறு துறையிலிருந்து வருபவருக்கு இரண்டு வருடம்தான் நல்லது என்பது என் கருத்து.

ஆய்வேடு. வெள்ளத்தையே எடுங்கள், தயங்காதீர்கள். கேள்வியை மட்டும் மாற்றுங்கள். கோபன்ஹேகனில் 2011 ஜூலையில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு 2012இல் பெருமழைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குழாய்களை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனால் செலவு தாங்காது என்று பார்த்து, சில தெருக்களைத் தண்ணீர் ஓடும் வழியாகவும், பூங்காக்களைத் தற்காலிகமாகத் தேக்கும் இடமாகவும் மாற்ற முடிவெடுத்தார்கள். குழாய் என்றால் ஒரு துறையின் வேலை. தெருவிலும் பூங்காவிலும் தண்ணீர் விட வேண்டுமென்றால் சாலைக்காரர், பூங்காக்காரர், குடிநீர்-கழிவுநீர் நிறுவனம், அந்தத் தெருவாசிகள் எல்லோரும் ஒரு மேசைக்கு வர வேண்டும், செலவை யார் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தீர்க்க வேண்டும். மழைநீர் எவ்வளவு வழிந்தோடும் என்ற ரன்ஆஃப் கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் எந்த இடத்தில் பேச்சு பொறியியலை விட்டு விலகி அரசியலுக்குள் நுழைகிறது என்று மற்ற மாணவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். மேட்டுப் பகுதியில் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி கொடுத்தது யார், பள்ளத்தில் இருப்பவர்களிடம் அதைப் பற்றி எப்போதாவது கேட்டார்களா, தூர்வாரும் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது, இந்த மூன்றையும் ஒரே ஒரு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துத் தேடினாலே முழு ஆய்வேடு வந்துவிடும். பகுதியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு திணறுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

—

இரண்டாம்_வருடம்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விண்ணப்பிக்கும் முன் அங்கே படிக்கும் மாணவர் யாரிடமாவது போன வருட ஸ்டூடியோ அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். அதில் கள ஆய்வு எத்தனை பக்கம், பளபளப்பான முப்பரிமாணப் படங்கள் எத்தனை பக்கம் என்று பாருங்கள். செலவுக் கணக்கும், யார் செய்வார்கள் என்ற அத்தியாயமும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தை உங்கள் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.